பூட்டு உடைந்த கதவும் ஒன்பது மாதச் சம்பளமும்

மலையகத்திலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். கொப்பித் தாளில் இரண்டு பக்கமும் நெருக்கி எழுதிய எட்டுப் பக்கக் கடிதம். அவருடைய சம்மதத்தோடு சுருக்கித் தருகிறேன். ஊர், ஏஜென்சி, வீட்டுக்காரர் பெயர் எதுவும் இதில் இல்லை, அடையாளம் தெரியக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

2017 தொடக்கத்தில் லெபனானுக்கு வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார். அப்போது மகனுக்கு மூன்று வயது. லயத்துக்கு வந்த தரகர், பிள்ளையின் வயதை மறைத்துக் குடும்பப் பின்னணி அறிக்கையைச் 'சரிக்கட்டி' (ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாயை அப்போது அனுப்ப முடியாது), வீட்டில் ஒன்றரை இலட்சம் ரூபாயும் கொடுத்து அனுப்பி வைத்தார். பெய்ரூத்தில் அஷ்ரஃபியே பகுதியில் நாலாம் மாடி வீடு. மாதம் 200 டொலர். போன அன்றே கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆனாலும் 2019 ஒக்டோபர் வரை சம்பளம் ஒழுங்காக வந்தது, அவரும் வீட்டுக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு ஒரு சதம் இல்லை. லெபனான் லீராவின் விலை விழ ஆரம்பித்தது, வங்கிகள் டொலரைக் கொடுக்காமல் கதவை இறுக்கின. 2020 மார்ச்சில் கொவிட்டுக்காக நாட்டை மூடியதும் வீட்டில் ஆறு பேரும் இருபத்துநாலு மணி நேரமும் உள்ளே, இவருக்குக் காலை ஆறு மணிக்குத் தொடங்கும் வேலை நள்ளிரவு தாண்டியும் முடியாது. சம்பளம் கேட்ட நாளில் மெடம் அயன் பொக்ஸைக் கையில் வைத்து அழுத்தினார். போனைப் பறித்தார்கள். அவர்கள் வெளியே போகும்போது கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போனார்கள்.

ஓகஸ்ட் 4 ஆம் திகதி மாலை துறைமுகம் வெடித்தது. அவர்கள் மலைப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தார்கள், இவர் தனியாகப் பூட்டிய வீட்டுக்குள். கண்ணாடியெல்லாம் உதிர்ந்தது. கடிதத்தில் இந்த இடத்தை அவருடைய வார்த்தையிலேயே தருகிறேன்: "கதவு நெலையோட பேந்து சாஞ்சி கெடந்திச்சி மிஸ். பூட்டு மட்டும் பூட்டினபடியே தொங்குது. நான் அதத் தாண்டி நடந்தேன். மெடத்தோட செருப்புத்தான் கெடச்சிச்சி, அதப் போட்டுக்கிட்டு."

நடந்து, பெய்ரூத்தை ஒட்டிய தோரா வரை போயிருக்கிறார். அங்கே எத்தியோப்பியப் பெண்கள் எடுத்திருந்த இரண்டறை வீட்டில், பங்களாதேஷ், நேபாளம், இலங்கை என்று பதினொரு பேரோடு ஆறு மாதம். நாடு திரும்ப, கடவுச்சீட்டு வேண்டுமென்றால் கையெழுத்துப் போடு என்று அங்குள்ள ஏஜென்சி அலுவலகத்தில் ஓர் அரபிக் கடுதாசியை நீட்டினார்கள், போட்டார். 2021 பெப்ரவரியில் வந்து சேர்ந்தார். இப்போது கேட்கிறார்: நான் ஓடிப்போனவள்தானே, எனக்குச் சம்பளம் கேட்க உரிமை இருக்கிறதா? அவர்கள் களவு என்று பொலிஸில் எழுதியிருக்கிறார்களாம், என்னை இங்கே வந்து பிடிப்பார்களா? அதே ஏஜென்சி அனுப்பிய இன்னும் ஐந்து பேர் சேர்ந்து முறைப்பாடு செய்யலாம் என்று என்னையும் கூப்பிடுகிறார்கள், போகலாமா? என் கணவர் 'வாயைத் திறக்காதே' என்கிறார். என் தங்கச்சி குவைத்துக்குப் போக நிற்கிறாள், விடுவதா மறிப்பதா?

இனி உங்களிடமே பேசுகிறேன், தங்கச்சி.

'ஓடிப்போனவள்'

எட்டுப் பக்கத்தில் இந்தச் சொல்லைப் பதினாலு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தேன். இது உங்கள் சொல்லே இல்லை, வீட்டுக்காரர்களும் ஏஜென்சிக்காரர்களும் உங்கள் வாயில் வைத்த சொல். வெளியிலிருந்து பூட்டிய வீட்டுக்குள் ஒரு மனுசியை வைத்திருப்பதைத் தண்டிக்க லெபனானின் தண்டனைச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது, 569 ஆம் பிரிவு, ஒருவரின் சுதந்திரத்தைப் பறிப்பது குற்றம் என்கிறது. ஆட்கடத்தலுக்கு எதிரான 164 ஆம் இலக்கச் சட்டம் 2011 முதல் இருக்கிறது. சர்வதேச தொழில் அமைப்பு கட்டாய வேலைக்கு 11 அடையாளங்களைச் சொல்கிறது. கடவுச்சீட்டைப் பறிப்பது, சம்பளத்தை நிறுத்துவது, வெளியே விடாமல் அடைப்பது, அடிப்பது, அளவு கடந்து வேலை வாங்குவது எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் இந்த ஐந்தும் முதல் மூன்று பக்கத்திலேயே வந்துவிடுகின்றன.

சரி, அப்படியென்றால் ஏன் அங்கே எல்லோரும் உங்களைக் குற்றவாளியாகப் பார்த்தார்கள்? கஃபாலா என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்கள் விசா, வதிவிட அனுமதி எல்லாம் அந்த ஒரு வீட்டுக்காரரின் பெயரோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கும், அவர் அனுமதியில்லாமல் வாசலைத் தாண்டினால் நீங்கள் 'சட்டவிரோதமாக' நிற்பவர் ஆகிவிடுவீர்கள். இதற்கு மேல், லெபனானின் 1946 தொழிற்சட்டம் தன் 7 ஆம் பிரிவிலேயே வீட்டு வேலைக்காரர்களை வெளியே தள்ளிவிட்டது. ஒரு கடைப் பையனுக்கு இருக்கிற லீவு, குறைந்தபட்சச் சம்பளம் உங்களுக்கு இல்லை. அந்த நாட்டில் சுமார் 2,50,000 புலம்பெயர் வீட்டுப் பணிப்பெண்கள் இருந்ததாகப் பரவலாகச் சொல்கிறார்கள், அத்தனை பேரும் இந்தக் கணக்கில்தான். நம்முடைய பெண்கள் எவ்வளவு காலமாக, எவ்வளவு பேர் அங்கே போயிருக்கிறார்கள் என்றால், 'ஸ்ரீலங்கியே' என்ற சொல்லுக்கே அங்கத்தைய பேச்சில் வேலைக்காரி என்று அர்த்தம் வந்துவிட்டது. பிலிப்பைன்ஸ்காரப் பெண்ணையும் 'எங்கள் ஸ்ரீலங்கியே' என்று சொல்வார்களாம். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் தொண்டை அடைக்கும்.

ஆகவே, வதிவிட அனுமதி போனது நிர்வாக விசயம். அதனால் மீண்டும் அந்த நாட்டுக்குள் போக முடியாமல் இருக்கலாம், அவ்வளவுதான். உழைத்த சம்பளம் அதனால் அழியாது.

களவு முறைப்பாடு வேறு. பெண் வெளியேறியதும் வீட்டுக்காரர் 'நகை போச்சு, காசு போச்சு' என்று எழுதிக் கொடுப்பது அங்கே பழகிப்போன வழி, சம்பளப் பாக்கியைக் கேட்காமல் இருக்க அதைவிட இலகுவான வழி அவர்களுக்கு இல்லை. நீங்கள் விமான நிலையத்தில் அந்த நாட்டுப் பொதுப் பாதுகாப்புத் துறையைத் தாண்டித்தான் வந்திருக்கிறீர்கள். பிடியாணையோ வழக்கோ நிலுவையில் இருந்தால் வழக்கமாக அங்கேயே நிறுத்தியிருப்பார்கள். அந்த நாட்டுப் பொலிஸ் உங்கள் லயத்துக்கு வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. ஆனால் உங்களுக்குத் தெரியாமல் ஏதாவது தீர்ப்பு எழுதப்பட்டிருக்கலாம் என்பதால், லெபனான் வழியாக மட்டும் இனிப் பயணம் செய்ய வேண்டாம், அங்குள்ள சட்டத்தரணி ஒருவர் பார்த்துச் சொல்லும் வரைக்கும்.

அரபியில் வைத்த கையெழுத்து

'எல்லாச் சம்பளமும் வாங்கிவிட்டேன் என்று எழுதியிருந்ததாம், இனி என்ன செய்வது' என்கிறீர்கள். வாசிக்கத் தெரியாத மொழியில், கடவுச்சீட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, இதில் போட்டால்தான் ஊர் என்று வாங்கிய கையெழுத்து அது. நம்முடைய சட்டத்தில் வற்புறுத்தி வாங்கிய சம்மதத்தைத் தள்ளிவைக்கும்படி கேட்க இடம் உண்டு. வற்புறுத்தல் நடந்தது என்று காட்ட வேண்டும், அதுதான் வேலை. அன்றைக்கு அந்த அலுவலகத்துக்கு உங்களோடு ஓர் எத்தியோப்பிய அக்கா வந்து வாசலில் நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் பெயரும், இப்போது எந்த நாட்டில் இருக்கிறார் என்பதும் எனக்கு வேண்டும்.

கையெழுத்துக்குப் பதிலாக மாதத்துக்கு மூன்று இலட்சம் லீரா தருவதாகச் சொன்னார்களே, அதையும் சொல்லியாக வேண்டும். ஒரு டொலருக்கு 1,507 லீரா என்று கட்டிவைத்திருந்த பழைய கணக்கில் மூன்று இலட்சம் லீரா 200 டொலர்தான். ஆனால் 2020 நடுவில் தெருவில் ஒரு டொலர் ஏழாயிரம், எட்டாயிரம் லீராவுக்குப் போய்விட்டது, அந்த விலையில் மூன்று இலட்சம் லீரா சுமார் 40 டொலர். உங்கள் ஒப்பந்தத்தில் டொலர் என்று எழுதியிருந்தால் பாக்கியும் டொலரில்தான் கேட்கப்பட வேண்டும்: ஒன்பது மாதம், 1,800 டொலர். உங்கள் மெடத்தின் குடும்பத்துக்கும் வங்கியில் காசு முடங்கியிருந்தது உண்மையாக இருக்கலாம். அதற்காக அயன் பொக்ஸ் எதற்கு?

இங்கே யாரிடம் கேட்பது

லெபனான் வீட்டுக்காரரை ஹற்றன் நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது, அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அங்கே வழக்குப் போடலாமா? முடியாத காரியம் இல்லை. லெபனானில் பல வருடம் அடைத்து வைக்கப்பட்டிருந்த ஓர் எத்தியோப்பியப் பெண், ஊர் திரும்பிய பிறகு, 2020 ஒக்டோபரில் அடிமைத்தனம், ஆட்கடத்தல் என்ற குற்றச்சாட்டோடு சட்டத்தரணிகள் மூலம் அங்கே குற்றவியல் வழக்குத் தொடுத்தார். ஒரு புலம்பெயர் வீட்டுப் பணிப்பெண்ணுக்காக லெபனானில் இப்படிப்பட்ட வழக்கு வந்தது அதுதான் முதல் தடவை. முதல் விசாரணைத் திகதி 2022 பெப்ரவரியில்தான் வந்தது. அந்த வேகத்தைப் பார்த்து மனம் விடவும் வேண்டாம், நாளைக்கே காசு வரும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம்.

உங்களுக்குக் கிட்டக் கிடைக்கிற கதவு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம். 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் வைத்திருக்கும் ஏஜென்சி, உங்களை அனுப்பியதோடு கை கழுவ முடியாது. பணியகத்தில் முறைப்பாடு கொடுத்தால் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள், பெரும்பாலும் இணக்கப் பேச்சு, ஒரு தொகைக்குத் தீர்த்துக்கொள்ளச் சொல்வார்கள். முதல் தடவை சொல்கிற தொகைக்கே தலையாட்டிவிட வேண்டாம், 'யோசித்துச் சொல்கிறேன்' என்று எழுந்து வரலாம், அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. தலைமை அலுவலகம் பத்தரமுல்லையில், அதற்கு முன் உங்கள் பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கென்று இருக்கும் உத்தியோகத்தரையும் பார்க்கலாம். பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். காலம் போய்விட்டது என்று அவர்கள் சொல்லக்கூடும். எழுத்து மூல ஒப்பந்தத்துக்கு நம் நாட்டில் பொதுவாக ஆறு வருடக் காலவரையறை, வாய்ச் சொல்லுக்கு மூன்று. நீங்கள் அந்த விளிம்பில் நிற்கிறீர்கள், அதனால் இந்த மாதம் போகட்டும் என்று மட்டும் இருக்காதீர்கள். பணியகத்தில் பதிந்து போகிறவர்களுக்கு உள்ள காப்புறுதியைக் கேட்கும் காலம் அநேகமாகத் தாண்டியிருக்கும், இருந்தாலும் கேட்டுவிடுங்கள்.

இந்த இடத்தில்தான் உங்களை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கிற இரண்டு பயத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

ஒன்று, அந்த ஒன்றரை இலட்சம். 'அவங்க காசு குடுத்து எடுத்திருக்காங்க, நான் எப்படிக் கேப்பேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுக்குத் தந்த கடன் கிடையாது. வீட்டுப் பணிப்பெண் ஒருத்தியை எடுக்க வெளிநாட்டு வீட்டுக்காரர் கட்டுகிற பெருந்தொகையில் ஒரு துண்டை, பெண் மனம் மாறாமல் இருக்க ஏஜென்சிகள் முன்கூட்டியே வீட்டில் கொடுப்பார்கள். லயத்துக்கு லயம் நடந்த வியாபாரம் இது. அந்தக் காசால் உங்களை விலைக்கு வாங்கியதாக நினைக்க வைப்பதுதான் அதன் நோக்கமே.

மற்றது, மகனின் வயது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் போகக்கூடாது என்று 2013 இல் குடும்பப் பின்னணி அறிக்கை வந்தது, 2022 இல் அந்த விதியைத் தளர்த்தியும் விட்டார்கள். இடையில் அது பிள்ளைகளைக் காப்பாற்றியதோ இல்லையோ, தரகர்களுக்கு நல்ல வருமானம் கொடுத்தது. பொய்க் கடுதாசி செய்து கொடுத்தவரைப் பற்றி நீங்கள் பேசவே முடியாதபடி, அந்தப் பொய்யில் உங்கள் கையெழுத்தையும் சேர்த்து வாங்கிவிட்டார். இதில் உங்களுக்கு ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பொய்த் தகவல் பொய்த் தகவல்தான். ஆனால் இப்படிப்பட்ட முறைப்பாட்டில் கண் போவது செய்துகொடுத்தவர் மேல், அதைத் தொழிலாகச் செய்தவர் மேல். பணியகத்துக்குப் போகும் முன் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையில் ஒரு சட்டத்தரணியிடம் இந்த விசயத்தை முழுமையாகச் சொல்லிவிடுங்கள், காசு எடுக்க மாட்டார்கள். அவருக்கு ஒளிக்க வேண்டாம், மற்ற இடத்தில் அவர் சொல்கிறபடி பேசுங்கள். இதை நீங்களாக மறைத்து, பிறகு ஏஜென்சிக்காரர் மேசையில் எடுத்துப் போட்டால்தான் சங்கடம்.

அந்தக் கொப்பி

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. தோரா வீட்டில் ஒரு பள்ளிக்கூடக் கொப்பி இருந்தது, யார் எவ்வளவு போட்டார்கள், யாருக்கு எத்தனை பக்கற் அரிசி, யார் எந்தத் திகதியில் வந்தார்கள், யாருக்கு மருந்து வாங்கினார்கள் என்று ஒவ்வொருவரும் தன் மொழியில் எழுதுவார்கள், நீங்கள் தமிழில் எழுதினீர்கள், வரும்போது ஞாபகத்துக்கு மூன்று பக்கத்தைப் படம் எடுத்தீர்கள் என்று. அப்புறம் உடனே, 'ஆதாரம் ஒண்ணும் இல்ல மிஸ்' என்று எழுதுகிறீர்கள்!

தங்கச்சி, அதுதான் ஆதாரம். 2020 ஓகஸ்ட் 5 ஆம் திகதி, உங்கள் பெயர், பக்கத்தில் 'கைப் புண்ணுக்குக் களிம்பு' என்று அன்றைக்கே எழுதிய ஒரு குறிப்பு, அதைப் பார்த்த பதினொரு பேர். ஒரு வழக்கில் இதைவிட நேர்மையான கடுதாசி அபூர்வமாகத்தான் கிடைக்கும், ஏனென்றால் வழக்குக்காக யாரும் அதை எழுதவில்லை. அதோடு வங்கிப் புத்தகத்தை எடுங்கள். 2019 ஒக்டோபர் வரைக்கும் மாதாமாதம் விழுந்த காசு நவம்பரிலிருந்து நின்றிருக்கும், அந்த வெற்றிடமே பேசும். அம்மாவுக்கு அனுப்பிய குரல் பதிவுகள் இருந்தால் அழிக்காதீர்கள். கையில் இருக்கிற தழும்பைச் சட்ட வைத்திய அதிகாரிக்குக் காட்டலாம், பழைய தழும்பானாலும் என்ன வடிவம், எதனால் ஆனது போலிருக்கிறது என்று அறிக்கை தர முடியும்.

அந்த வீட்டில் நீங்கள் செய்ததற்கு என்ன பெயர் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 'சும்மா ஒண்டிக் கிடந்தோம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதே 2020 மே, ஜூனில் ஹஸ்மியேயில் எத்தியோப்பியத் துணைத்தூதரக வாசலில் வீட்டுக்காரர்கள் காரில் கொண்டு வந்து பெண்களை இறக்கிவிட்டுப் போனார்கள். சம்பளம் இல்லை, சிலருக்குக் கடவுச்சீட்டும் இல்லை, நடைபாதையில் மெத்தையும் பெட்டியுமாகக் கிடந்தார்கள். அவர்களுக்கு முதலில் சாப்பாடும் வாடகையும் கொண்டு ஓடியவர்களில் எத்தியோப்பிய வீட்டுப் பணிப்பெண்களே 2017 இல் தொடங்கிய எக்னா லெக்னா அமைப்புக்காரர்கள் இருந்தார்கள். அதற்கும் முன், 2015 ஜனவரியில், பல நாட்டுப் பணிப்பெண்கள் சேர்ந்து பெய்ரூத்தில் ஒரு தொழிற்சங்கமே தொடங்கினார்கள், இலங்கைப் பெண்களும் அதில் இருந்தார்கள். அரசாங்கம் இன்று வரை அங்கீகரிக்கவில்லை. சும்மாவும் விடவில்லை: 2016 கடைசியில் சங்கத்தில் முன்னுக்கு நின்ற ஒரு நேபாளப் பெண்ணைப் பிடித்து நாடு கடத்தினார்கள். இவ்வளவுக்குப் பிறகும் 2020 செப்டம்பரில் தொழில் அமைச்சு கஃபாலாவைத் தளர்த்துகிற ஒரு புதிய ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது, பெண் தன் கடவுச்சீட்டைத் தானே வைத்திருக்கலாம், வேலையை விட்டு விலகலாம் என்று. அடுத்த மாதமே ஆட்சேர்ப்பு முகவர் சங்கம் அந்நாட்டு உயர் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போய் அதை நிறுத்திவைத்தது. நீங்கள் அப்போது தோராவில் அரிசிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்திருப்பீர்கள். அந்தக் கொப்பியையும் இந்தப் போராட்டத்தையும் நான் வேறு வேறாகப் பார்க்கவில்லை.

அதனால்தான் ஐந்து பேரோடு சேர்ந்து போகலாமா என்ற கேள்விக்கு என் பதில், போங்கள். தனியாகப் போனால் நீங்கள் 'பிரச்சினைக்கார மனுசி', ஏஜென்சிக்காரர் அப்படித்தான் சொல்லுவார். ஆறு பேர், ஒரே தரகர், ஒரே மாதிரி ஒன்றரை இலட்சம், ஒரே மாதிரி மறைத்த பிள்ளை வயது என்று ஆறு முறைப்பாடு ஒரே நாளில் மேசையில் விழுந்தால் அது அனுமதிப்பத்திரத்தைப் பற்றிய கேள்வியாக மாறும். ஒவ்வொருவரும் தன் கதையைத் தனியாக, தன் வார்த்தையில், திகதியோடு எழுதுங்கள். ஒருத்தரைப் பார்த்து மற்றவர் எழுத வேண்டாம், சொல் ஒன்றாக இருந்தால் சொல்லிக்கொடுத்தது என்பார்கள். இணக்கப் பேச்சில் ஒருவரை மட்டும் தனியே கூப்பிட்டுக் காசு நீட்டினால் என்ன செய்வது என்று முன்கூட்டியே ஆறு பேரும் பேசி வையுங்கள், ஏனென்றால் அது நடக்கும், காசு அவசரமாகத் தேவைப்படுகிற ஒருத்தி வாங்கினால் அவள் மேல் கோபப்படவும் கூடாது. முறைப்பாடு கொடுக்கும் முன் ஏஜென்சியின் பெயரைப் பேஸ்புக்கில் போட வேண்டாம், மானநட்ட வழக்கு என்று உங்களையே அலையவிடுவார்கள்.

உங்கள் கணவர் விசயம். 'அங்கே என்ன செய்தாயோ' என்று குடித்துவிட்டுக் கேட்கிறார், நீங்கள் அனுப்பிய காசில் போட்ட கூரைக்குக் கீழே இருந்துகொண்டு. இதைப் பற்றி நீங்கள் அரைப் பக்கம்தான் எழுதியிருக்கிறீர்கள், எனக்கோ இதுதான் அதிகம் கவலை. அங்கே மெடம் செய்தது வன்முறை என்றால் இதற்கும் அதே பெயர்தான். 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டும் பார்க்கிறதில்லை, மனத்தைக் கொல்லுகிற தொடர் துன்புறுத்தலையும் பார்க்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். கேளுங்கள் என்று நான் தள்ளவில்லை, அந்த வழி இருப்பது தெரிந்திருக்கட்டும். கை நீட்டினால் அன்றைக்கே பெண்களுக்கான உதவி இலக்கம் 1938 க்கு எடுங்கள். முறைப்பாட்டுக்குப் போகிற நாளை அவரிடம் முன்கூட்டிச் சொல்லுவதா என்பதை உங்கள் அம்மாவோடு பேசி முடிவு செய்யுங்கள்.

உங்கள் தங்கச்சி குவைத் போகட்டுமா

மறிக்க வேண்டும் என்றுதான் உங்கள் மனம் சொல்லுகிறது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது, பிறகு அவளுடைய நாட்சம்பளக் கணக்கைப் பார்த்தேன். மறித்தால் தரகரோடு களவாகப் போவாள், அதுதான் மோசம். குவைத் லெபனானைப் போல இல்லை, 2015 ஆம் ஆண்டின் 68 ஆம் இலக்கச் சட்டம் வீட்டு வேலைக்கென்றே இருக்கிறது: நாளுக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் வேலை இல்லை, கிழமைக்கு ஒரு நாள் லீவு, வீட்டுக்காரர் கடவுச்சீட்டை வைத்திருக்கக் கூடாது. 2016 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 60 தினார். கஃபாலா அங்கேயும் உண்டு, பூட்டிய வீட்டுக்குள் சட்டம் எவ்வளவு நுழையும் என்பது உங்களுக்கு என்னைவிடத் தெரியும்.

ஆகவே அவளுக்கு நீங்கள்தான் பயிற்சி கொடுக்க வேண்டும். பணியகத்தில் பதிவு இல்லாமல் காலடி வைக்கக் கூடாது. விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று எவர் சொன்னாலும் அந்த ஆளோடு பேச்சை முடித்துவிடுங்கள். ஒப்பந்தத்தைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், சம்பளம் எந்தக் காசில் என்று எழுதியிருக்க வேண்டும், அது உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாடம். கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம் மூன்றின் படமும் உங்கள் போனிலும் அம்மாவின் போனிலும் இருக்கட்டும். முக்கியமான மூன்று இலக்கங்களை அவள் மனப்பாடம் செய்யட்டும், போனைப் பறிப்பார்கள் என்று வைத்தே திட்டம் போடுங்கள். கிழமைக்கு ஒரு தடவை பேசும்போது பக்கத்தில் ஆள் இருந்தாலும் சொல்லக்கூடிய ஒரு வார்த்தையை வைத்துக்கொள்ளுங்கள், 'பாட்டிக்குச் சுகமா' என்று கேட்டால் எனக்குச் சுகமில்லை என்று அர்த்தம், அப்படி ஏதாவது. போன உடனே அங்குள்ள நம் பெண்களின் வட்ஸ்அப் குழு எது, வெள்ளிக்கிழமை எந்தக் கோயிலிலோ சேர்ச்சிலோ பள்ளிவாசலிலோ கூடுகிறார்கள் என்று தேடட்டும். உங்களுக்குத் தோராவின் விலாசம் தெரியவந்தது எப்படி? பால்கனியில் துணி காயப்போடும்போது எதிர் மாடி எத்தியோப்பியப் பெண் கையசைத்துச் சொன்னது என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்.

கடைசியாக, அந்தப் பழைய போன். திரை வெடித்து, சார்ஜ் ஏறாமல் அலுமாரியில் கிடக்கிறது, மகன் விளையாடக் கேட்கிறான் என்கிறீர்கள். கொடுக்க வேண்டாம், கடையில் கொடுத்து 'ரீசெட்' பண்ணவும் வேண்டாம். துணியில் சுற்றி அப்படியே சட்டத்தரணியிடம் கொண்டு போங்கள். படங்களை எடுக்கும்போது நீங்கள் பக்கத்திலேயே இருங்கள், கொப்பியின் மூன்று பக்கத்தில் எந்த வரி உங்கள் கையெழுத்து என்று அவருக்குக் காட்ட வேண்டும்.